பம்மியின் இடது பக்கம்

கதவில் ஒரு சதுரக் கண்ணாடியாவது வைத்திருக்கலாம். காது கேட்கிறவர்களுக்கு மூடின கதவு பாதிக் கதவுதான். உள்ளே கத்தரி தட்டில் விழுந்தால் தெரியும், யாராவது அவசரமாகப் பேசினால் தெரியும், ஒன்றுமே கேட்கவில்லை என்றால் அதுவும் அவர்களுக்கு ஒரு சேதி. எனக்கு மூடின கதவு சுவர். பச்சைப் பெயிண்ட் அடித்து நடுவில் ஒரு பித்தளைக் கைப்பிடி வைத்த சுவர். அதற்குப் பின்னால் என் பம்மியை மல்லாக்கப் போட்டு வயிற்றைக் கீறிக்கொண்டிருக்கிறார்கள். எட்டு மாதப் பூனைக்குட்டி, மூன்று கிலோகூட இல்லை. பத்தே முக்காலுக்கு உள்ளே கொண்டுபோனார்கள், இப்போது பத்து ஐம்பத்திரண்டு. ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். பக்கத்தில் சுகந்தி மதினி, என் அண்ணன் பெண்டாட்டி, உட்கார்ந்திருக்கிறாள். அவள் தலை அடிக்கொருதரம் கதவுப் பக்கம் வெடுக்கென்று திரும்புகிறது. அது திரும்பும்போதெல்லாம் நானும் கதவைப் பார்க்கிறேன். என்ன கேட்டது அவளுக்கு? கேட்டால் 'ஒண்ணுமில்ல' என்பாள். அதனால் கேட்கவில்லை. அவள் கழுத்தைப் பார்க்காமல் இருப்பதற்காக எதிர்ச் சுவரில் மாட்டியிருக்கும் தடுப்பூசி அட்டவணையைப் படிக்கிறேன். நாய்க்கு ஒரு பக்கம், மாட்டுக்கு அரைப் பக்கம், ஆட்டுக்குக் கால் பக்கம். பூனைக்குக் கடைசியில் இரண்டே வரி. இருக்கட்டும். இரண்டு வரிப் பிராணிக்காகத்தான் சிவகாசியிலிருந்து மதுரைக்கு விடிந்ததும் விடியாததுமாக முதல் பஸ் பிடித்து வந்திருக்கிறேன், யார் என்ன செய்துவிட முடியும்.

செருப்பைக் கழற்றிவிட்டு வெறும் பாதத்தைத் தரையில் வைத்துப் பார்க்கிறேன். தரை கொஞ்சம் பேசுகிறது. தூரத்தில் ஏதோ மோட்டார், தண்ணீர் ஏற்றுகிற மோட்டாராக இருக்கும், ஒரே மாதிரி அதிர்வு. அதற்கு மேலே கதவுக்குள் ஒரு ஆள் நடக்கிறார், நாலு எட்டு, நிற்கிறார். நிதானமான எட்டு. நிதானம் நல்லதுதானே. அச்சாபீஸில் நான் இப்படித்தான் வேலை பார்க்கிறேன். பதினோரு வருஷமாக ஆஃப்செட் மிஷினிலிருந்து வரும் தாள்களில் கலர் பார்க்கிற வேலை. மிஷின் எனக்குக் காலில் ஏறும். ஒரு உருளை தடுமாறினால் எங்கள் ஃபோர்மேன் துரைப்பாண்டி அண்ணாச்சி காதில் படுவதற்கு முன்னால் என் குதிகாலில் பட்டுவிடும். நான் போய்ச் சொன்னால் முதலில் சிரிப்பார், அப்புறம் மிஷினை நிறுத்துவார். எனக்கு ஆறு வயதில் மூளைக்காய்ச்சல் வந்தது, காய்ச்சல் போகும்போது காதையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. இப்போது முப்பத்துமூன்று. ஆக இருபத்தேழு வருஷமாகக் கையும் காலும் கண்ணும்தான் எனக்குச் சொல்கின்றன. அவை பொய் சொல்லி நான் பார்த்ததில்லை. ஆனால் நேற்று ராத்திரி முழுக்க அதைத்தான் நினைத்துக்கொண்டு கிடந்தேன். ஒருவேளை கை பொய் சொல்லியிருந்தால்? இப்போது அந்தப் பயம் இல்லை. எக்ஸ்ரே படத்தை என் கண்ணாலேயே பார்த்துவிட்டேன். இப்போது இருப்பது வேறு பயம். கை சொன்னது நிஜம், அதனால்தான் பம்மி அந்தக் கதவுக்குள் கிடக்கிறாள்.

முதல் தடவை நான் சிரித்தேன். அதை நினைக்கக் கூடாது என்று இருக்கிறேன், அது வந்து வந்து காலடியில் உட்கார்ந்துகொள்கிறது. சிரித்தேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், மாடி அறையில். அச்சாபீஸில் காலண்டர் தாளின் ஓரத்தை வெட்டும்போது நீள நீளமாகப் பளபளவென்று காகித நாடா விழும், அதை ஒரு கைப்பிடி அள்ளி வந்திருந்தேன். ஒன்றை எடுத்துத் தரையில் இழுத்தால் போதும், பம்மி கதவிடுக்கில் போய்ப் பம்மிக்கொள்வாள். அதனால்தான் அந்தப் பெயர். முன்னங்காலை மடக்கி, பின்புறத்தை இரண்டு ஆட்டு ஆட்டி, ஒரே பாய்ச்சல். சாம்பல் நிறத்தில் ஒரு மின்னல். பாய்ந்து நாடாவைக் கவ்வி உருண்டு உதைத்து, விட்டு, மறுபடி பாய்ந்து, சுவரில் ஏறி, கட்டிலுக்கடியில் புகுந்து மறுபக்கம் வந்து. அப்படியே நடு அறையில் உட்கார்ந்தாள். வாய் திறந்திருந்தது. நாக்கு நுனி வெளியே தெரிந்தது. விலா இரண்டு பக்கமும் துருத்தி மாதிரி உள்ளே போய் வெளியே வந்தது. நாடா அவள் மூக்குக்கு முன்னால் கிடக்கிறது, அவள் பார்க்கிறாள், கால் எழவில்லை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நாய்க்குட்டி மாதிரி இருக்கிறாளே என்று சிரித்தேன். கழுத்தை நீட்டிக்கொண்டு முழங்கைகளைப் பக்கவாட்டில் விரித்து உட்கார்ந்து அவள் காற்றைத் தேடிக்கொண்டிருந்தாள், நான் நாடாவை மறுபடியும் ஆட்டினேன். ஆட்டினேன். வா வா என்று ஆட்டினேன். போதும். அது நடந்தது, நான் செய்தேன், தெரியாமல் செய்தேன், அதற்காக இந்தப் பெஞ்சில் உட்கார்ந்து மார்பில் அடித்துக்கொள்ளப் போவதில்லை. இரண்டாம் தடவை சிரிக்கவில்லை. மூன்றாம் தடவை கடிகாரத்தைப் பார்த்தேன். பூனை அப்படி வாயைத் திறந்து இரைக்கிற பிராணி இல்லை, பெரிய பூனை எதையும் நான் அப்படிப் பார்த்ததில்லை. நாலு நிமிஷம் ஆனது வாய் மூட. ஈறு வெளுத்துப்போய் இருந்தது. கலர் பார்க்கிற வேலைக்காரிக்கு அந்தக் கலர் தெரியாதா? ரோஜா நிறம் இருக்க வேண்டிய இடத்தில் பழைய பேப்பர் நிறம்.

அதற்கப்புறம்தான் கை. ராத்திரி அவள் என் நெஞ்சுக்குழியில் ஏறிப் படுப்பாள், நான் இரண்டு கையாலும் பொத்திக்கொள்வேன். பூனை சுகத்தில் உறுமுவதை மற்றவர்கள் கேட்பார்களாம், எனக்கு அது விரல் நுனியில் ஓடும். உறுமல் நின்று அவள் தூங்கின பிறகு அடியில் துடிப்பு வரும். வலது உள்ளங்கையில் டக் டக் டக் என்று. இடது உள்ளங்கையில் இல்லை. முதலில் என் கை மரத்துப்போய்விட்டது என்று நினைத்தேன். கையை மாற்றி வைத்தேன். அவளைத் திருப்பிப் போட்டேன், கோபித்துக்கொண்டு கடித்தாள். அவளுடைய வலது விலாவில் இருந்தது, இடது விலாவில் இல்லை. இல்லை என்றும் சொல்ல முடியாது, வேறு ஏதோ இருந்தது. மெத்தென்று ஒன்று. அவ்வப்போது தண்ணீர்ப் பையை யாரோ மெல்ல நகர்த்தின மாதிரி ஒரு புரளல். சரி, பூனைக்கு நெஞ்சு எந்தப் பக்கம் என்று எனக்கு என்ன தெரியும்? மறுநாள் அச்சாபீஸ் எதிரே டீக்கடையில் சுற்றுகிற தடியன் பூனையைப் பிடித்துப் பார்த்தேன். டீக்குடிக்கிற ஆட்கள் எல்லாரும் வேடிக்கை பார்த்தார்கள். அது என் மணிக்கட்டில் மூன்று கோடு போட்டுவிட்டுத்தான் விட்டது. ஆனால் அதற்குள் தெரிந்துவிட்டது. அதற்கு இரண்டு பக்கமும் துடித்தது, இடது பக்கம் இன்னும் நன்றாக. மணிக்கட்டில் ரத்தத்தோடு தாள் பார்க்கப் போனேன். ஒரு கலரும் மனசில் ஏறவில்லை. இடது பக்கம், இடது பக்கம் என்று மிஷினும் அதையே மிதித்துக்கொண்டிருந்தது.

எங்கள் ஊரில் ஒரு டாக்டரிடம் போனோம். அண்ணன்தான் கூட வந்தான், சீனிராஜ், என்னைவிட ஐந்து வயது பெரியவன், நல்லவன்தான். டாக்டர் மாஸ்க் போட்டிருந்தார். வாய் தெரியாமல் நான் என்ன செய்ய? மாஸ்க்கை இறக்கச் சொல்லிக் கையைக் காட்டினேன், அவர் அண்ணனைப் பார்த்தார், அண்ணன் தன் காதைத் தொட்டுக் காட்டினான், அதோடு நான் அறையில் இல்லாதவள் ஆகிவிட்டேன். ஸ்டெதஸ்கோப்பை ஒரு இடத்தில் வைத்தார், எடுத்தார். நான் பம்மியின் இடது பக்கத்தைத் தட்டித் தட்டிக் காட்டினேன். தலையாட்டிக்கொண்டே எழுதினார். இரண்டு நிமிஷம் கண்களும் மாஸ்க்கும் அசைந்தன, அண்ணன் தலை அசைந்தது. வெளியே வந்து கேட்டேன், என்ன சொன்னார்? "ஒண்ணுமில்ல ஜெயா. சளியாம்." ஒண்ணுமில்ல. நான் வளர்ந்ததே இந்த ஒண்ணுமில்லவில்தான். கல்யாண வீட்டில் எல்லாரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள், என்ன என்றால், ஒண்ணுமில்ல. அம்மாவும் அத்தையும் ஒரு மணி நேரம் அழுவார்கள், என்ன என்றால், ஒண்ணுமில்ல. அப்பாவை ஆஸ்பத்திரியிலிருந்து திருப்பி அனுப்பினபோதும் ஒண்ணுமில்ல, மூன்றாம் நாள் அவர் போய்விட்டார். நடுத்தெருவில் நின்று கேட்டேன், "ஒண்ணுமில்லன்னா ரெண்டு நிமிஷமா வாய அசைச்சது எதுக்குண்ணே?" அப்போதுதான் மீதியைச் சொன்னான். பூனையை ஓட விடக் கூடாதாம், குதிக்க விடக் கூடாதாம், விளையாட்டுக் காட்டாமல் கூண்டில் போட்டு வைத்தால் தானாகச் சரியாகிவிடுமாம். சாயங்காலமே ஒரு கூண்டு வாங்கி வந்துவிட்டான், பாசமாகத்தான்.

ஆறு நாள் இருந்தாள் கூண்டில். அந்த ஆறு நாளும் அவளுக்கு இரைக்கவில்லை. மதினி தினமும் மாடிக்கு வந்து எட்டிப் பார்த்துவிட்டுச் சொல்வாள், "பாத்தியா, இப்ப மூச்சு வாங்கல. நல்லாத்தான் இருக்கு." நல்லாத்தான் இருந்தாள். நாடாவைக் கம்பி வழியே விட்டால் கண் மட்டும் அதன் பின்னால் போகும். நானும் நல்லாத்தான் இருந்தேன், ஆறு வயதிலிருந்து பன்னிரண்டு வயது வரைக்கும். வண்டி ஹாரன் இதற்குக் கேட்காது என்று அம்மா என்னைத் தெருவுக்கே விடவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு மற்றப் பிள்ளைகள் நொண்டி ஆடுவதைப் பார்ப்பேன். ஒரு தடவை விழுந்ததில்லை, முட்டி தேய்ந்ததில்லை, எனக்கும் மூச்சு வாங்கினதே இல்லை. எல்லாரிடமும் அம்மா சொல்வாள், பிள்ளை பத்திரமா இருக்கு என்று. அம்மாவைக் குறை சொல்லவில்லை, அவள் பயம் அவளுக்கு. ஆனால் பத்திரமாக இருப்பதும் நன்றாக இருப்பதும் ஒன்றில்லை என்று எனக்குத் தெரியும், இந்த ஊரிலேயே என்னைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை. ஏழாம் நாள் காலை கூண்டைத் திறந்துவிட்டு அதை மொட்டைமாடியில் கொண்டுபோய்ப் போட்டேன். பம்மி அறையைச் சுற்றி ஓடினாள், மூன்றாவது சுற்றில் வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்தாள். ஆக அதுவும் என்னால்தான். மதினி படியேறி வந்து பார்த்துவிட்டு என்னை ஏசினாள். அவள் உதடு வேகமாக ஓடும்போது எனக்குப் பாதிதான் பிடிபடும், ஆனால் "பிடிவாதம்" என்ற சொல் நன்றாகத் தெரிந்தது, அதைச் சொல்ல உதடு ஒட்ட வேண்டுமே. ஆமாம், பிடிவாதம்தான். "ஒரு பூனைக்கு இவ்வளவா?" என்றாள். நான் பம்மியைத் தூக்கி அவள் முகத்துக்கு நேரே நீட்டினேன். "காத வச்சுக் கேளுங்க மதினி. இங்க. இந்தப் பக்கம். எனக்குக் கை சொல்லுது, காது சொல்லுதான்னு நீங்க கேட்டுச் சொல்லுங்க."

மதினிக்குப் பூனை முடி ஆகாது. தும்முவாள். சேலையில் ஒரு முடி ஒட்டினால் அரைமணி நேரம் தட்டுவாள். அவள் ஏன் குனிந்தாள் என்று இன்னும் எனக்குப் புரியவில்லை. ஒருவேளை நான் அவளிடம் அதுவரை எதையுமே கேட்டதில்லை என்பதாலோ என்னவோ. மூக்கைச் சுருக்கிக்கொண்டு குனிந்து பம்மியின் இடது விலாவில் காதை வைத்தாள். நான் அவள் கண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் அலுப்பு. அப்புறம் அலுப்பு போய்விட்டது. காதை எடுத்து மறுபடி வைத்தாள், கொஞ்சம் கீழே, கொஞ்சம் மேலே, வலது பக்கம், மறுபடி இடது பக்கம். நிமிர்ந்தபோது மூக்கு சிவந்திருந்தது, தும்ம மறந்துவிட்டாள். மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக, எனக்குத் தெரியும்படி வாயைத் திறந்து சொன்னாள், "வயிறு இரையுற சத்தம் கேக்குது ஜெயா. பசிச்சா நம்ம வயித்துல கடமுடான்னு கேக்குமே, அது. நெஞ்சுல எப்படிக் கேக்கும்?" அந்த நிமிஷம் எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று சொன்னால் வெட்கக்கேடு. குட்டிக்கு நெஞ்சில் குடல் இருக்கிறது, எனக்குச் சந்தோஷம். கை பொய் சொல்லவில்லை என்று சந்தோஷம். மதினி அன்றைக்கே அண்ணனிடம் சண்டை போட்டாள். நேற்று மாலை, நாளைக்கு லீவு போட்டுவிட்டு மதுரைக்குப் போகிறேன் என்று நான் சொன்னபோது அண்ணன் வாயைத் திறக்கும் முன்னால் இவள் சொல்லிவிட்டாள், "நானும் போறேன். அங்க என்ன சொல்றாங்கன்னு கேக்க ஒரு ஆள் வேணும்ல." காலண்டர் அட்டைப்பெட்டியில் ஓட்டை போட்டு, என் பழைய சுடிதாரை விரித்து, பஸ்ஸில் இரண்டு மணி நேரம் மடியில் வைத்துக்கொண்டு வந்தோம். முதல் ஒரு மணி நேரம் என் மடி, அடுத்த ஒரு மணி நேரம் அவள் மடி.

தரையில் ஒன்றும் இல்லை. மோட்டாரை நிறுத்திவிட்டார்கள். பதினொன்று இருபது. நடக்கிற காலும் இல்லை. எல்லாரும் ஒரே இடத்தில் நிற்கிறார்கள் என்று அர்த்தம், மேஜையைச் சுற்றி. டாக்டரம்மாவின் விரல் நீளமானது. நல்ல விரல். பெயர் ஹேமலதா என்று சட்டையில் குத்தியிருந்தது. நான் காதைத் தொட்டுக் காட்டினவுடன் அவர் மாஸ்க்கைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். என்னைப் பார்த்துத்தான் பேசினார், எனக்குப் பிடிபடாததைக் காகிதத்தில் எழுதினார். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் மாட்டி பேனாவால் தொட்டுக் காட்டினார். நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் ஒரு திரை இருக்குமாம், தசைத் திரை, மூச்சை இழுத்து விடுவதே அதுதானாம். பம்மிக்கு அது இடது பக்கம் கிழிந்திருக்கிறது. கிழிசல் வழியாகக் குடல் மேலே போய் உட்கார்ந்துகொண்டது. இடது நுரையீரலுக்கு விரிய இடமில்லை, இதயத்தைக் குடல் வலது பக்கம் தள்ளிவிட்டது. சும்மா இருந்தால் சமாளிப்பாள். ஓடினால் காற்று போதாது. "எங்கயாவது விழுந்துச்சா?" என்று கேட்டார். விழுந்தாள். மூன்று மாதக் குட்டியாக இருக்கும்போது, அச்சாபீஸ் மாடி ஜன்னலிலிருந்து, கீழே நிறுத்தியிருந்த சைக்கிள்கள் மேல். இரண்டு நாள் நொண்டினாள், மூன்றாம் நாள் எழுந்து பாலைக் குடித்தாள், அன்றைக்கு நான்தான் அவளை வீட்டுக்குத் தூக்கி வந்தேன். ஐந்து மாதமாகக் கிழிந்த திரையோடா என் நாடாவின் பின்னால் பாய்ந்தாய் பம்மி? ஐந்து மாதமாகவா சுவரில் ஏறினாய்? உன்னைப் போய்க் கூண்டில் போட்டோமே. டாக்டரம்மா எதையும் மறைக்கவில்லை. பழைய கிழிசல், உள்ளே ஒட்டிப்போயிருக்கலாம். சுருங்கிக் கிடந்த நுரையீரல் திடீரென்று விரியும்போது இதயம் தாங்காமல் போகலாம். பத்தில் எட்டு பிழைக்கும். செய்யாவிட்டால் கூண்டிலேயே கொஞ்ச காலம் ஓட்டலாம், என்றைக்காவது ஒருநாள் இன்னும் கொஞ்சம் குடல் ஏறினால் அன்றோடு சரி. "நீங்க சொல்லுங்க," என்றார் என்னிடம். என்னிடம். நான் மதினியைப் பார்க்கவில்லை. பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டேன், ஜெயக்கொடி என்று முழுப் பெயரையும்.

பத்தில் இரண்டு. அந்த இரண்டை யாரும் எழுதிக் கொடுக்கவில்லை, நானே கழித்துக்கொண்டேன். கழித்த நேரத்திலிருந்து அது போகமாட்டேன் என்கிறது. கூண்டிலேயே விட்டிருந்தால் இந்த நேரம் உயிரோடு கண்ணை உருட்டிக்கொண்டு இருப்பாள். நான்தான் திறந்தேன், நான்தான் தூக்கி வந்தேன், நான்தான் கையெழுத்துப் போட்டேன். செத்துப்போனால் ஊரில் சொல்வார்கள், செவிடி பிடிவாதத்தால் பூனையைக் கொன்றாள் என்று. சொல்லட்டும். நான் கேட்கப் போகிறேனா? அட, இதற்குச் சிரிப்பு வருகிறதே. அவளிடம் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாள் என்று எனக்குத் தெரியும். வாயைத் திறந்து காற்றைத் தேடுகிற நேரத்திலும் அவள் கண் நாடாவை விட்டு நகரவில்லை. வாய் மூடின மறுநிமிஷம் மறுபடி பம்மினாள். அவள் தன் பதிலைச் சொல்லிவிட்டாள், நான் அதற்குக் கையெழுத்துதான் போட்டேன். தரையில் கால். வேகமான கால். ஓடுகிற கால்.

கதவு திறந்தது. பச்சைத் துணி கட்டின பெண் ஒருத்தி வெளியே வந்தாள், மாஸ்க்குக்குள் ஏதோ சொல்லிக்கொண்டே மருந்து அலமாரிக்கு ஓடினாள். அங்கிருந்தவர் எதையோ எடுத்துக் கொடுத்தார், அவள் திரும்பி ஓடினாள், கதவு மூடியது. கதவு திறந்திருந்த அந்தக் கணத்தில் வெள்ளை விளக்கும் மூன்று முதுகும்தான் தெரிந்தன. மதினி எழுந்து நின்றிருந்தாள். கை வாயைப் பொத்தியிருந்தது. நான் அவள் முன்னால் போய் நின்று கையைப் பிடித்து இறக்கினேன். என்ன? அவள் கண் தரையைப் பார்த்தது. உதடு அசைந்தது. "ஒண்ணுமில்ல ஜெயா, நீ உக்காரு." அவ்வளவுதான், எனக்குள் ஏதோ பிய்த்துக்கொண்டது. அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன், வளையல் உடையும் அளவுக்கு. "ஒண்ணுமில்லன்னு சொல்லாதீங்க. இனிமே யாரும் என்கிட்ட அந்தச் சொல்லச் சொல்லாதீங்க. செத்துட்டான்னா செத்துட்டான்னு சொல்லுங்க. உங்களுக்குக் கேட்டது அம்புட்டும் எனக்குத் தெரியணும். அது என் பூனை." நடையில் இருந்த எல்லாரும் பார்த்தார்கள். ஒருவர் நாயை இழுத்துப் பிடித்துக்கொண்டார். மதினியின் கண்ணில் தண்ணீர் நின்றது. என் கையை விலக்கவில்லை. மெதுவாக, உதட்டை விரித்து விரித்துச் சொன்னாள். "நெஞ்சுத் துடிப்பு திடீர்னு இறங்கிருச்சாம். அதுக்கு ஊசி எடுக்க வந்தாங்க. சீக்கிரம் சீக்கிரம்னு சொன்னாங்க. வேற ஒண்ணும் சொல்லல. சத்தியமா." அவள் மணிக்கட்டை விட்டேன். அவள் என்னைத் தோளைப் பிடித்து உட்காரவைத்தாள், என் எதிரே தரையில் மண்டியிட்டு உட்கார்ந்தாள், புதுச் சேலை, ஆஸ்பத்திரித் தரை. கதவுப் பக்கம் காதை வைத்துக்கொண்டு என் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டாள். "இப்ப மெஷின் அடிக்குது. விட்டு விட்டு அடிக்குது. டாக்டர் ஏதோ சொல்றாங்க, எண்ணுறாங்க. ஒண்ணு ரெண்டு மூணுன்னு எண்ணுறாங்க. இப்ப பேச்சு இல்ல. மெஷின் மட்டும்தான். டிக், டிக். கொஞ்சம் வேகமா. இன்னும் வேகமா. யாரோ மூச்சு விட்டாங்க, பெருசா. ஒரு ஆள் சிரிச்ச மாதிரி இருக்கு ஜெயா." என் முட்டியில் அவள் விரலால் தட்டிக் காட்டினாள், மெஷின் எப்படி அடிக்கிறதோ அப்படியே, டக் டக் டக் என்று. பல்லைக் கடித்துக்கொண்டு அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். நின்றால் எனக்குத் தெரியும். நிற்காதே என்றேன், யாரைச் சொன்னேன் என்று தெரியவில்லை. அது நிற்கவில்லை. அவளும் நிறுத்தவில்லை, நாற்பது நிமிஷம்.

பன்னிரண்டரை தாண்டி டாக்டரம்மா வந்தார். வாசலைத் தாண்டும் முன்பே மாஸ்க்கைத் தாடைக்குக் கீழே இறக்கியிருந்தார். நெற்றி முழுக்க வேர்வை. "தச்சாச்சு. குடல் எல்லாம் கீழ வச்சாச்சு. நடுவுல கொஞ்சம் பயமுறுத்திருச்சு. இப்ப தானா மூச்சு விடுது. ரெண்டு பக்கமும்." எனக்கு உதடு நன்றாகவே தெரிந்தது, ஆனாலும் மதினி பக்கத்தில் நின்று ஒவ்வொரு சொல்லையும் திருப்பிச் சொன்னாள், நான் தடுக்கவில்லை. இன்னும் இரண்டு நாள் தாண்ட வேண்டும். மூன்று நாள் இங்கேயே இருக்க வேண்டும். ஒரு மாதம் ஓடக் கூடாது. "ஒரு மாசம் கழிச்சு?" என்று கேட்டேன். அவர் கையுறையை உருவிப் போட்டார். "ஒரு மாசம் கழிச்சு நீங்க நிறுத்தினாலும் அது நிக்காது," என்றார். உள்ளே கூட்டிப்போனார். நீளமான அறை, வரிசையாகக் கூண்டுகள், ஒரு மூலையில் காலில் கட்டுப் போட்ட பெரிய லாப்ரடார் படுத்திருந்தது. பம்மி ஒரு கம்பளியில், வயிறு முழுக்க மழித்து, மூக்குக்கு முன்னால் காற்றுக் குழாயோடு, நனைந்த துணி மாதிரி கிடந்தாள். கண் பாதி திறந்திருந்தது, பார்வை இல்லை. "மயக்கம் தெளியணும். தெரிஞ்ச குரல் கேட்டா நல்லது. கூப்பிடுங்க," என்று டாக்டரம்மா மதினியைப் பார்த்துச் சொன்னார். முதல் தடவையாக அவரும் மதினியைப் பார்த்தார். தப்பில்லை, யாரும் அப்படித்தான் நினைப்பார்கள். மதினி என்னைப் பார்த்தாள்.

என் குரல் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. கடைசியாக அதைக் கேட்டது ஆறு வயதில். நான் பேசினால் பஸ்ஸில் ஆட்கள் திரும்புவார்கள், குழந்தைகள் அம்மா முந்தானையைப் பிடித்துக்கொள்ளும். விசேஷ வீட்டில் அண்ணன் என் கையை மெல்லக் கீழ்நோக்கித் தட்டுவான், குறைத்துக்கொள் என்று. குறைத்துக் குறைத்து எனக்கு அது பழகிவிட்டது. ஆனால் மாடி அறையில், கதவைச் சாத்திக்கொண்டு, ஐந்து மாதமாக ஒருத்தியிடம் மட்டும் நான் எதையும் குறைத்ததில்லை. அவளுக்குப் பழகின மனுஷக் குரல் இது ஒன்றுதான், நல்ல குரல் கெட்ட குரல் என்று அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்து கூப்பிட்டேன். "பம்மி." லாப்ரடார் தலையைத் தூக்கியது. ஊசி போட்டுக்கொண்டிருந்த உதவியாளர் திடுக்கிட்டுத் திரும்பினார். மதினியின் கை என் கைக்குப் பக்கத்தில் வந்து நின்றது, தட்டவில்லை. மூச்சை நெஞ்சு நிறைய இழுத்துக்கொண்டு இன்னும் பலமாக, தொண்டை அதிர, கம்பி என் விரலுக்கடியில் அதிர, மறுபடியும் கூப்பிட்டேன். அவள் கண் அசையவில்லை. கால் அசையவில்லை. வலது காது மட்டும், உள்ளே ரோஜா நிறமாக, மெல்ல மெல்லத் திரும்பி என் பக்கம் வந்து நின்றது.